அபராதத்தை எங்கிருந்து அளப்பது?

அமெரிக்கக் கால்பந்து என்று ஓர் ஆட்டம் இருக்கிறது. அதற்கும் காலுக்கும் பெரிய சம்பந்தம் கிடையாது. பந்தும் பந்து மாதிரி இருக்காது. மட்டை உரிக்காத தேங்காய் மாதிரி இருக்கும். அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஒருவன் ஓட வேண்டும், எதிர்க்கட்சிக்காரர்கள் பதினோரு பேரும் அவன்மேல் விழுந்து அமுக்க வேண்டும். இதற்குப் பெயர் விளையாட்டு. செங்கல்பட்டு ஜில்லாவிலேயே இந்த விளையாட்டுக்கு ஒரே ஒரு நடுவர் இருந்தான் என்றால் அது நான்தான், அப்துல் மாலிக்.

நான் நடுவரானதற்குக் காரணம் என் உடம்பு என்று என் உடம்பைப் பார்த்த யாரும் சொல்ல மாட்டார்கள். காரணம் டைப்ரைட்டர். நான் ஒரு தாலுகா கச்சேரியில் டைப்பிஸ்டாக இருந்தேன். எந்தத் தாலுகா என்று கேட்காதீர்கள், எனக்கு இன்னும் பென்ஷன் வந்துகொண்டிருக்கிறது. 1955-ஆம் வருஷம் கிராம முன்னேற்றத்துக்காக அமெரிக்காவிலிருந்து பர்கெட் துரை என்று ஒருவர் அங்கே வந்து சேர்ந்தார். ஆறடிக்கு மேல் உயரம், பழைய துரைமார் மாதிரி அதட்டத் தெரியாத மனுஷன். நம் கிராமங்களில் ஒற்றுமை இல்லாததற்குக் காரணம் ஜனங்கள் சேர்ந்து விளையாடாததுதான் என்று வந்த மூன்றாவது வாரமே கண்டுபிடித்துவிட்டார். நாம் இங்கேயே பிறந்து வளர்ந்தும் நமக்கு அது தெரியாமல் போயிற்று பாருங்கள்.

எண்பது பக்க விதிப்புத்தகம் ஒன்றைக் கொடுத்துப் படி எடுக்கச் சொன்னார். முதல் தடவை கார்பன் தாளைத் திருப்பி வைத்துவிட்டேன். இரண்டாவது தடவை தாசில்தார் அதன்மேல் காப்பியைக் கொட்டினார். மூன்றாவது தடவை அடித்து முடித்தபோது எனக்கு முழுப் புத்தகமும் மனப்பாடம். துரை என்னைக் கட்டிப் பிடித்து, கழுத்தில் ஒரு விசிலை மாட்டிவிட்டார்.

அந்தப் புத்தகத்தில் அபராத அத்தியாயம் என்று ஒன்று உண்டு. இந்த ஆட்டத்தில் அபராதம் காசு அல்ல, தூரம். தப்பு செய்த கட்சி அஞ்சு கஜமோ பதினைந்து கஜமோ இழக்க வேண்டும். சரி, அந்தப் பதினைந்து கஜத்தை எங்கிருந்து அளப்பது? ஆட்டம் தொடங்கிய இடத்திலிருந்தா, தப்பு நடந்த இடத்திலிருந்தா, ஓடினவன் விழுந்த இடத்திலிருந்தா? இதற்கு மட்டும் பத்துப் பக்கம். ஓட்டத்தின் நடுவே தப்பு நடந்தால், ஓடினவன் விழுந்த இடத்திலிருந்து அளக்க வேண்டும். அதற்கு ஒரு விலக்கு: பந்து வைத்திருக்கிற கட்சியே தப்பு செய்து, அது அவன் விழுந்த இடத்துக்குப் பின்னால் நடந்திருந்தால், தப்பு நடந்த இடத்துக்குப் போய் அங்கிருந்து பின்னோக்கி அளக்க வேண்டும். பிழிந்து பார்த்தால் விஷயம் இவ்வளவுதான். எங்கிருந்து அளந்தால் தப்பு செய்தவனுக்கு அதிக நஷ்டமோ, அங்கிருந்து அள.

இதை முதல் தடவை அடித்தபோது என் விரல் நின்றுவிட்டது. எங்கள் கச்சேரியில் பதினோரு வருஷமாக நான் பார்த்த அளவெல்லாம், எங்கிருந்து தொடங்கினால் தப்பு செய்தவனுக்கு வலிக்காதோ அங்கிருந்து தொடங்குகிற அளவு. கடல் தாண்டி ஒரு தேசத்தில், அதுவும் விளையாட்டுக்கு, இப்படி ஒரு நியாயம் வைத்திருக்கிறார்களே என்று வயிறு எரிந்தது.

இனி கிணற்று விஷயத்துக்கு வருகிறேன். கேளம்பாக்கத்து உப்பளங்களுக்கும் மாமல்லபுரத்துக்கும் நடுவே, கடலோரமாக நெய்தவாக்கம் என்று ஓர் ஊர். ஊர்த்தெருவில் மூன்று கிணறுகள். உப்பளத்தில் மூட்டை தூக்குகிற ஜனங்களின் சேரியில் ஒன்றும் இல்லை. சேரி இருப்பது உப்பளத்தை ஒட்டி. அங்கே எத்தனை அடி தோண்டினாலும் உப்புத் தண்ணீர்தான். சேரிக்குத் தெற்கே சர்க்காருக்குச் சொந்தமான ஒரு பள்ளமான மணல்வெளி. ஐப்பசியில் கடல் ஏறி நிற்கும் இடம், அதிலும் உப்பு. அதையும் தாண்டினால் ஒரு மணல்மேடு. பன்னிரண்டு அடியில் இளநீர் மாதிரித் தண்ணீர் அந்த மேட்டில்தான் ஊறும். மேடு பூராவும் மிராசுதார் தனகோடியின் சவுக்குத் தோப்பு, சுற்றிலும் முள்வேலி.

சேரிப் பெண்கள் ஊர்க் கிணற்றுக்குப் போய், தள்ளி நின்று, யாராவது மனசு வைத்து ஊற்றுகிற வரை காத்திருக்க வேண்டும். தீண்டாமை குற்றம் என்று அந்த வருஷம்தான் டில்லியில் சட்டம் போட்டார்கள். அது நெய்தவாக்கத்துக்கு நடந்து வந்துகொண்டிருந்தது போலும்.

எல்லம்மாள் என்று ஒருத்தி. உப்பு மூட்டை தூக்குகிற கூட்டத்துக்கு அவள் வைத்ததுதான் சட்டம். வருஷத்துக்கு ஒரு மனு கொண்டுவருவாள்: மணல்மேட்டில் புறம்போக்கு நிலம் இருந்தால் ஒரு கிணறு வெட்டித் தர வேண்டும். வருஷத்துக்கு ஒரு பதில் போகும்: ‘மேற்படி மேட்டில் அரசுப் புறம்போக்கு ஏதும் இல்லை.’ அப்படி எட்டு பதில். எட்டையும் டைப் அடித்தவன் நான். இருக்கிறதா இல்லையா என்று போய்ப் பார்த்தவன் யாரும் இல்லை, என்னையும் சேர்த்துத்தான்.

அந்த வருஷம் துரையின் திட்டத்தில் நெய்தவாக்கத்துக்கு ஒரு கிணறு வந்தது. சேரி முதல் கிணறு கேட்டது. ஊர்த்தெரு நாலாவது கிணறு கேட்டது. இதில் யாருக்குக் கொடுப்பது என்பது பெரிய தர்மசங்கடம் என்றார் தாசில்தார். துரை முகம் மலர்ந்து, இரண்டு கட்சியும் கால்பந்து ஆடட்டும், ஜெயித்தவர்களுக்குக் கிணறு என்றார். தாசில்தார் ஒரு நிமிஷம் யோசித்தார். தனகோடியின் மகன் மதராஸ் காலேஜில் பந்து ஆடுகிறவன். சேரிக்காரன் பந்தையே பார்த்ததில்லை. “உத்தமமான யோசனை” என்று அவரும் முகம் மலர்ந்தார்.

ஆட்டம் மாசி மாசத்து ஞாயிற்றுக்கிழமை, அந்தப் பள்ளத்து மணல்வெளியில். துரை நீளக் காலால் எட்டு வைத்து, நூறு கஜத்துக்குச் சுண்ணாம்புக் கோடு போட்டிருந்தார். வடகோடி சேரிப் பக்கம், தென்கோடி தனகோடியின் வேலிப் பக்கம். ஊர்க் கட்சி பனியனும் கேன்வாஸ் ஷூவுமாக வந்தது. சேரிக் கட்சி கோவணமும் வெறுங்காலுமாக வந்தது. தூரம் அளப்பதற்கு சர்வே இலாகாவிலிருந்து சடையப்பன் என்ற செயின்மேனைக் கூட்டி வந்திருந்தோம். இருபத்திரண்டு வருஷமாகச் சர்வே சங்கிலி பிடித்து ஜில்லா முழுக்க வயல் அளந்தவன். பத்து கஜத்துக்கு ஒரு கயிறு கட்டிக் கொடுத்தபோது அதை ஏதோ செத்த பாம்பைப் பார்ப்பது போலப் பார்த்தான்.

“இன்னா பாய் இது, கயிறு? வெயில்ல நீளும், பனியில சுருங்கும். இத வெச்சி அளந்தா பாவம் புடிக்கும்.”

“இது வெளையாட்டு, சடையப்பா.”

“அளவுல இன்னா வெளையாட்டு?” என்று முறைத்துவிட்டுப் போனான்.

ஆட்டம் தொடங்கிக் கொஞ்ச நேரத்துக்கெல்லாம் மிராசுதார் மகன் பந்தைத் தூக்கி உதைத்து, கம்பங்களுக்கு நடுவே அனுப்பி, மூன்று புள்ளி எடுத்துவிட்டான். தாசில்தார் கை தட்டினார். அதற்கப்புறம்தான் ஊர்க் கட்சிக்கு ஒரு விஷயம் உறைத்தது. தலையில் இரண்டு மணங்கு உப்பைச் சுமந்துகொண்டு, வழுக்கும் வரப்பில் நாளெல்லாம் ஓடுகிறவனுக்கு, ஒரு பந்தைச் சுமந்துகொண்டு மணலில் ஓடுவது கல்யாணச் சாப்பாடு. எல்லம்மாளின் தம்பி கருப்பன் பந்தை வாங்கினால் அவனைப் பிடிக்க நாலு பேர் வேண்டியிருந்தது.

ஒரு தடவை கருப்பன் முப்பது கஜம் ஓடி விழுந்தான். சேரி ஆர்ப்பரித்தது. ஆனால் பாதி வழியில் அவன் கட்சிக்காரன் ஒருவன் எதிராளியை இடுப்பைக் கட்டிப் பிடித்து நிறுத்தியதை நான் பார்த்துவிட்டேன். விசில் ஊதினேன். பந்தை எடுத்துக்கொண்டு, பிடித்த இடத்துக்குப் போய், அங்கிருந்து பதினைந்து கஜம் பின்னால் வைத்தேன். கருப்பன் மூச்சு வாங்க என்னிடம் வந்தான்.

“இன்னா பாய், நான் வுழுந்தது அங்க. நீ எங்கியோ போய் அளக்கறியே?”

“உங்க ஆளு தப்பு பண்ணது இங்க. உங்க தப்புன்னா தப்பு நடந்த எடத்துலருந்துதான் அளக்கணும்.”

“செரி. அதே அவுங்க பண்ணா?”

“நீ வுழுந்த எடத்துலருந்து முன்னால.”

கருப்பன் மனசுக்குள் இரண்டையும் வைத்துப் பார்த்தான். “அப்ப எவன் தப்பு பண்ணானோ அவனுக்குத்தான் அடி. நல்லாத்தானே கீது. எந்த ஊரு சட்டம் பாய்?”

“அமெரிக்கா.”

“அதான பார்த்தேன்” என்று போய்விட்டான்.

ஊர்க் கட்சிக்கு அந்தத் தீர்ப்பு ரொம்பப் பிடித்துவிட்டது. தனகோடி நாற்காலியை விட்டு எழுந்து வந்து, “சட்டம்னா இதான் சட்டம்! சாயபு தராசு புடிச்ச மாதிரி சொல்லிட்டாரு!” என்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னார். நானும் முட்டாள், கொஞ்சம் பூரித்துப் போனேன்.

கடைசி நிமிஷம். ஊர்க் கட்சி மூன்று, சேரிக் கட்சி பூஜ்யம். எல்லைக்கோட்டைத் தாண்டினால் ஆறு புள்ளி, ஜெயம், கிணறு. கருப்பன் நடு மைதானத்தில் பந்தை வாங்கி, தெற்கே ஓடினான். பத்து கஜம் போவதற்குள் மிராசுதார் மகன் பின்னாலிருந்து வந்து, முஷ்டியை மடக்கிப் பிடரியில் ஒரு குத்து விட்டான். காலேஜில் அதற்கும் ஏதாவது பெயர் இருக்கும். கருப்பன் தள்ளாடினான், ஆனால் விழவில்லை. குத்தையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு இன்னும் முப்பது கஜம் ஓடி, எல்லைக்குப் பத்து கஜம் இருக்கும்போது ஆறு பேருக்கு அடியில் போய் விழுந்தான். துரை கடிகாரத்தைப் பார்த்து, நேரம் முடிந்தது என்று கையைத் தூக்கினார்.

ஊர் துள்ளிக் குதித்தது. நான் விசில் ஊதினேன். எதிர்க்கட்சி செய்த தப்போடு ஆட்டம் முடியக் கூடாது, பந்தோடு இன்னும் ஒரு ஓட்டம் உண்டு என்பது விதி. அபராதம் பதினைந்து கஜம், கருப்பன் விழுந்த இடத்திலிருந்து. அங்கிருந்து எல்லைக்கே பத்து கஜம்தான் இருப்பதால், மீதி தூரத்தில் பாதி. ஆக அஞ்சு கஜத்தில் பந்து.

தனகோடி ஓடி வந்தார். “யோவ் சாயபு, குத்து வுட்டது எங்க? நாப்பதாவது கஜத்துல. தப்பு நடந்த எடத்துலருந்து அளக்கணும்னு நீதான சொன்ன?”

“அது பந்து வெச்சிருக்கிறவங்க தப்புக்குங்க.”

“சேரிக்கு ஒரு சட்டம், எனக்கு ஒரு சட்டமா?” என்றார் தனகோடி. அவர் வாயிலிருந்து அந்தக் கேள்வியைக் கேட்க நான் புண்ணியம் செய்திருக்க வேண்டும்.

அதற்குள் ஆளுக்கொரு பக்கம் இழுத்து, கருப்பன் விழுந்த இடத்தில் நான் போட்டிருந்த கைக்குட்டை காணாமல் போயிற்று. சுண்ணாம்புக் கோடெல்லாம் எப்போதோ மணலோடு கலந்துவிட்டது. விழுந்தது பத்தாவது கஜமா இருபதாவது கஜமா என்று சண்டை. துரை நோட்டுப் புத்தகத்தில் ஏதோ எழுத ஆரம்பித்தார். அதைப் பார்த்ததும் தாசில்தாருக்கு நீதிமான் வேஷம் போடுகிற ஆசை வந்துவிட்டது. வாழ்க்கையில் அவர் செய்த மிகப் பெரிய தவறு அதுதான்.

“சர்க்கார் முறைப்படி அளந்துடுவோம். அப்புறம் ஒருத்தரும் பேசக் கூடாது. சடையப்பா, சங்கிலி எடு!”

சடையப்பன் முகத்தில் அன்றைக்கு முதல் தடவையாகச் சிரிப்பு வந்தது. கயிற்றைத் தூக்கி எறிந்துவிட்டு, மூட்டையிலிருந்து இரும்புச் சங்கிலியையும் அந்த நிலத்தின் சர்வே படத்தையும் எடுத்தான். எடுத்துக்கொண்டு, கருப்பன் விழுந்த இடத்துக்குப் போகாமல், வடக்கே சேரியைப் பார்த்து நடந்தான்.

“எங்கடா போற?” என்றார் தாசில்தார்.

“கல்லுகிட்ட, எஜமான்.”

செயின்மேன்களை உங்களுக்குத் தெரியாது. இதோ இங்கிருந்து அள என்று மனுஷன் காட்டுகிற இடத்திலிருந்து அவர்கள் அளக்கவே மாட்டார்கள். மனுஷன் பொய் சொல்வான், கல் சொல்லாது. சர்வே கல்லில் சங்கிலியை வைத்துத் தொடங்கி, மறுகோடியில் இருக்கிற சர்வே கல்லில் கொண்டுபோய் முடிக்க வேண்டும். இரண்டு கல்லும் படத்தில் போட்டபடி சேர்ந்தால்தான் நடுவில் இருக்கிற எந்த அளவும் அளவு. பந்துக்காக அந்த வழக்கத்தை மாற்ற சடையப்பனுக்கு யாரும் உத்தரவு போடவில்லை. உத்தரவு போட்டதே சர்க்கார் முறைப்படி அளக்கச் சொல்லித்தான்.

சேரி ஓரத்தில் வடக்குக் கல் இருந்தது. அங்கே தொடங்கினான். “ஒண்ணு!” என்று கத்தினான். ஒரு சங்கிலி என்பது இருபத்திரண்டு கஜம், அதில் நூறு லிங்க்ஸ். “ரெண்டு!” ஜனங்கள் கூடவே நடந்தார்கள். “மூணு! நாலு!” என் கால் சுவடும் கருப்பனின் ரத்தச் சொட்டும் கிடந்த இடத்தைச் சங்கிலி தாண்டியது. அந்த இடத்தில் ஒரு முளை அடித்து, எழுதிக்கொண்டான். எல்லைக் கம்பத்துக்குச் சரியாகப் பத்து கஜம், நான் சொன்னபடியே.

“அவ்வளவுதான், சரியாயிடுத்து” என்றார் தாசில்தார்.

“தெக்குக் கல்லு சேரல எஜமான்” என்று சொல்லிவிட்டு சடையப்பன் போய்க்கொண்டே இருந்தான். “அஞ்சு!” அஞ்சு சங்கிலி அறுபது லிங்க்ஸில் தனகோடியின் முள்வேலி வந்தது. சடையப்பன் படத்தைப் பார்த்தான். வேலியைப் பார்த்தான். மறுபடி படத்தைப் பார்த்தான்.

“தெக்குக் கல்லு ஏழு சங்கிலி இருவது லிங்க்ஸுல கீது” என்றான், யாரிடமும் இல்லாமல்.

அஞ்சு அறுபதைக் கழித்தால் ஒன்றரைச் சங்கிலிக்கு மேல் மிச்சம். கணக்குத் தெரியாதவர்களுக்கும் அது புரிந்துவிட்டது. சர்க்கார் நிலம் வேலிக்கு உள்ளே, மேட்டின்மேல் ஏறிப் போகிறது. தனகோடியின் முகத்தில் ஈயாடவில்லை. வேலியைத் தாண்டி, சவுக்கு மரங்களுக்கு நடுவே, ஒரு கல்லின் தலை வெள்ளையாகத் தெரிந்தது. அதைப் பிடுங்கிப் போடக்கூட மனுஷன் சிரமப்படவில்லை. எந்தத் தாசில்தார் வந்து பார்க்கப் போகிறார் என்ற நம்பிக்கை. அந்த நம்பிக்கை எட்டு வருஷம் என் டைப்ரைட்டரால் காப்பாற்றப்பட்டது என்று நினைத்தபோது எனக்குக் கூசியது.

தாசில்தார் சடையப்பனுக்கும் வேலிக்கும் நடுவே வந்து நின்றார். “போதும், போதும்! விளையாட்டுக்கு எதுக்கு இவ்வளவு அளவு? கருப்பன் நன்னா ஓடினான். கோல் கொடுத்துடலாம். மாலிக், கோல்னு ஊது. சேரிக்குத்தான் ஜெயம், சேரிக்குத்தான் கிணறு!”

அந்த எண்பது பக்கத்தில் கோலைத் தானம் செய்வது பற்றி ஒரு வரியும் எனக்கு ஞாபகம் இல்லை. தனகோடி, ஆட்டத்தில் தோற்றவர், முதல் ஆளாகக் கை தட்டினார். துரைக்கு ஒன்றும் புரியவில்லை. தோற்ற கட்சியே தோல்வியை வலிய ஒப்புக்கொள்கிற பெருந்தன்மையை அவர் எங்கேயும் பார்த்ததில்லையாம், கண்கலங்கி என்னிடம் சொன்னார்.

எல்லம்மாள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள். “ஜெயிச்சா கெணறு எங்க வெட்டுவீங்க, எஜமான்?”

“உங்க சேரியிலதான். உப்பளக் கரையில.”

“அங்க உப்புத் தண்ணி.”

“தண்ணி தண்ணிதானே.”

“உப்புத் தண்ணிக்குக் கெணறு எதுக்கு? அத்தினி பெரிய கடலே கீதே” என்றாள் எல்லம்மாள். “உங்க கோலு வாணாம், சாமி. சங்கிலிய இழுக்கச் சொல்லு.”

தாசில்தார் சிரித்து மழுப்பப் பார்த்தார். அவள் நகரவில்லை. சேரி ஜனம் மொத்தமும் அவள் பின்னால் வந்து நின்றது. துரை என்னிடம், அந்த அம்மாள் என்ன சொல்கிறாள் என்று கேட்டார். நான் மொழிபெயர்த்தேன்: தானமாக வருகிற புள்ளி வேண்டாம், அளவை முடியுங்கள் என்கிறாள். துரை தொப்பியைக் கழற்றி அவளுக்குத் தலைவணங்கினார். அதற்குமேல் தாசில்தாரால் என்ன செய்ய முடியும்? சடையப்பன் முள்ளை விலக்கிக்கொண்டு உள்ளே போனான். “ஆறு!” “ஏழு!” “ஏழு இருவது! கல்லு சேந்துடுச்சி!” என்று அவன் போட்ட கத்தல் மாமல்லபுரத்துக்குக் கேட்டிருக்கும். வேலிக்குள்ளே சர்க்கார் நிலத்தின் எல்லை தெரிய இரண்டு முளையும் அடித்துவிட்டு வந்தான்.

அப்புறம் அந்தக் கடைசி ஓட்டம். இப்போது ஜெயித்தால் மேட்டிலேயே கிணறு கேட்கலாம் என்று சேரிக்குத் தெரியும். அஞ்சு கஜம். கருப்பன் தலையைக் குனிந்துகொண்டு பாய்ந்தான். பதினோரு பேரும் அவன்மேல் விழுந்தார்கள். ஒவ்வொருவராக இழுத்துப் போட்டுவிட்டுக் கடைசியில் குனிந்து பார்த்தேன். அவன் நெஞ்சுக்கடியில் பந்து இருந்தது. கோட்டுக்கு ஒரு சாண் குறைவாக இருந்தது. கருப்பன் மணலிலிருந்து முகத்தைத் தூக்கி என்னைப் பார்த்தான். எல்லம்மாளும் பார்த்தாள். ஒரு சாண், அதைத் தள்ளி வைத்திருந்தால் ஒருவருக்கும் தெரிந்திருக்காது. நான் இல்லை என்று கையை வீசினேன். நியாயஸ்தன் அல்லவா.

ஊர்த்தெருவில் நாலாவது கிணறு வெட்டினார்கள். மேளம், மாலை, எலுமிச்சம்பழம். துரை வாளியில் முதல் தண்ணீரை இறைத்தார். சித்திரையில் அவருக்கு மாற்றல் வந்தது. இந்தியக் கிராமங்களில் ஒற்றுமை வளர்ந்திருப்பதாக அவர் எழுதிய அறிக்கையையும் நான்தான் அடித்தேன்.

வைகாசியில் எல்லம்மாள் ஒன்பதாவது மனுவோடு வந்தாள். ஐந்நூறு பேர் பார்க்க அளந்த நிலம், மேட்டில் புறம்போக்கு இருக்கிறது, கிணறு வேண்டும். தாசில்தார் மனுவை மடித்து எறிந்தார். “அது விளையாட்டுக்கு அளந்த அளவு. ரிகார்டுல ஏறாது. பழைய பதிலையே அனுப்பு.”

நான் அனுப்பினேன். ‘மேற்படி மேட்டில் அரசுப் புறம்போக்கு ஏதும் இல்லை.’ ஒரு எழுத்துப் பிழைகூட இல்லாமல் அடித்தேன். மைதானத்தில் ஒரு சாணை விட்டுக்கொடுக்காதவன், நாற்காலியில் ஒன்றரைச் சங்கிலியை விட்டுக்கொடுத்தேன். வீட்டில் சொன்னபோது என் மனைவி சம்சாத் பேகம் சோற்றைப் போட்டுக்கொண்டே கேட்டாள்: “ஏங்க, மைதானத்துல ஊதினீங்களே விசிலு, அத்தக் கச்சேரிக்கும் எடுத்துகினு போவக் கூடாதா?”

பதில் போய்ச் சேர்ந்த பத்தாம் நாள், பட்டப்பகலில், சேரி முழுவதும் மண்வெட்டியோடு மேட்டில் ஏறியது. வேலியைப் பிரித்து, சடையப்பன் அடித்த முளைக்கு உள்ளே, அளவு பிசகாமல் தோண்டினார்கள். மணல்தானே. சாயங்காலத்துக்குள் பன்னிரண்டு அடி போய், சுட்ட மண் உறைகளை இறக்கிவிட்டார்கள். தண்ணீர் ஊறியது, இளநீர் மாதிரியே.

மறுநாள் காலை தனகோடி கச்சேரிக்குள் நுழைந்தபோது மேல்துண்டு இல்லை. “என் தோப்புல பூந்து கெணறு வெட்டிட்டானுங்க! போலீசுக்கு எழுதுங்க! எல்லாரையும் உள்ள தள்ளுங்க!”

தாசில்தார் பேனாவை எடுத்தார். அப்போது நான் எழுந்து நின்றேன். பதினோரு வருஷத்தில் கேட்காமல் நான் வாயைத் திறந்தது அன்றுதான். குரலை டைப்பிஸ்ட் குரலாகவே வைத்துக்கொண்டேன்.

“ஐயா, போலீஸ்ல பட்டா நம்பர் கேப்பாங்க.”

தாசில்தார் தனகோடியைப் பார்த்தார். தனகோடி உத்தரத்தைப் பார்த்தார். பட்டா இருந்தால்தானே நம்பர்.

“அதனால” என்றேன் பணிவாக, “பி-மெமோ போட்டுடலாங்களா? அபராதம் போட்ட மாதிரியும் ஆச்சு, ஐயா கையாலயே ஆச்சு, போலீஸ் கோர்ட்டுன்னு பேஜாரும் இல்ல.”

பி-மெமோ என்பது சர்க்கார் நிலத்தை ஆக்கிரமித்தவனுக்குச் சர்க்கார் கொடுக்கிற அபராத நோட்டீஸ். தாசில்தாரின் காதில் விழுந்தது அபராதம் என்ற ஒரு வார்த்தைதான். அதுவே அவருக்குப் போதுமானதாக இருந்தது. “போடு! எல்லம்மாள் பேருக்கே போடு! இப்பவே கையெழுத்துப் போடறேன்!” தனகோடியும், “நல்லா தீட்டி வுடுங்க!” என்றார்.

அபராதம் போட வேண்டுமென்றால் எந்த இடத்தில் ஆக்கிரமிப்பு என்று எழுதியாக வேண்டும். சடையப்பனின் குறிப்பை வரவழைத்து, ஒரு எழுத்தும் விடாமல் அடித்தேன். தாசில்தார் வழக்கம்போலப் படிக்காமல் கையெழுத்துப் போட்டார். மை காய்வதற்குள் சர்க்கார் முத்திரையையும் நானே குத்தினேன். தலையாரி மூலம் அனுப்ப வேண்டியது. அன்றைக்குத் தலையாரிக்கு உடம்பு சரியில்லை என்று நானே முடிவு செய்து, பஸ் ஏறினேன்.

எல்லம்மாள் கிணற்றடியில் குடத்தோடு நின்றுகொண்டிருந்தாள். கருப்பன் இறைத்து ஊற்றிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் அவள் முகம் இறுகியது.

“ஒம்பதாவது பதிலு வந்துடுச்சே, சாயபு. இன்னும் இன்னா?”

“அபராதம்” என்று காகிதத்தை நீட்டினேன். “மூணு ரூவா. படிக்கிறேன், கேளு.” படித்தேன்: “நெய்தவாக்கம் கிராமம், சர்வே எண் நூத்திப் பதினெட்டு, அரசுப் புறம்போக்கு, தென்கோடிச் சர்வே கல்லுக்கு வடக்கே நாற்பது லிங்க்ஸ் தூரத்தில், எல்லம்மாள் வகையறா கிணறு வெட்டி அனுபவித்து வருவதற்காக...”

“அந்த எடத்த இன்னொரு தபா படி.”

“அரசுப் புறம்போக்கு. எல்லம்மாள் வகையறா கிணறு வெட்டி அனுபவித்து வருவதற்காக.”

“யாரு எழுதினது?”

“சர்க்காரு. தாசில்தார் கையெழுத்து, கீழ முத்திர.”

அவள் ஈரக் கையை முந்தானையில் நன்றாகத் துடைத்துவிட்டுக் காகிதத்தை வாங்கினாள். படிக்கத் தெரியாது. முத்திரையை மட்டும் விரலால் தடவிப் பார்த்தாள்.

“இந்த அபராதம் ஒரு தபாதானா?”

“கெணறு இருக்கிற வரைக்கும், வருசா வருசம் போடுவாங்க.”

எல்லம்மாள் காகிதத்தை நாலாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். ஒரு செம்புத் தண்ணீரை என் கையில் கொடுத்தாள்.

“மறந்துடாத, சாயபு” என்றாள். “வருசா வருசம் போட்டுடு.”